பென்சில் கோடுகள் அழியும் வரை

மார்ச் 3, 1962, சனி

வாரக் கடைசி வேலை முடிந்தது. சாணைக்கல்லைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போக்கி, அதன் முகத்தில் வழக்கம்போலப் பதினாறு பென்சில் கோடுகள் போட்டேன். எட்டு நெடுக்கு, எட்டு குறுக்கு. பளிங்குப் பலகையில் எமரி என்ற உராய்வுப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தேன். கடைசிக் கோடு அழியும் வரை தேய்ப்பது. கோடு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். எல்லாம் அழிந்தால் கல் சமம். பதினொரு வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

இந்தப் பலகையிடம் எனக்குப் பிடித்தது, குழம்பு ஓரத்தில் வழிந்து ஓடாது. தானாக நடுவில் வந்து கூடிக்கொள்ளும். நல்ல கல்.

மினாஸ் பார்த்துக்கொண்டே சிகரெட் பிடித்தான். என் மனைவியின் தம்பி. இந்தச் சலூனின் மறுபாதி. அவன் கல் எலூந்தா மலையிலிருந்து வந்த நாளிலிருந்து சமப்படுத்தலைக் கண்டதில்லை. நடுவில் குழி விழுந்து சோப்பு டப்பா போல இருக்கிறது. "மச்சான், கல்லுக்கு வாராவாரம் குளியல், சீவல், சிங்காரம். அக்காவுக்கு ஒரு சீப்பு வாங்கிக் குடுத்திருக்கியா?" என்றான்.

கடை அடைக்கும்முன் ஒருவர் முகத்தை ஒருவர் வழித்துக்கொள்வது எங்கள் சனிக்கிழமை வழக்கம். இன்று அவன் காதோரம் லேசாகக் கீறிவிட்டேன். படிகாரம் தடவினேன்.

மார்ச் 6, செவ்வாய்

பள்ளி ஆசிரியருக்கு உதட்டோரம் ஒரு வெட்டு. இந்த மாதம் இது நான்காவது ரத்தம்.

மார்ச் 10, சனி

நாளையோடு நோன்புக்கு முந்தைய களியாட்டம் முடிகிறது. ஊரே வேஷம் போட வழித்துக்கொள்ள வந்து நின்றது. ஒன்பது பேரை முடித்தேன். இரண்டு பேருக்குக் கீறல்.

சாயங்காலம் நுரை அடித்துத் தயாராக வைத்துவிட்டுத் திரும்பினால், மினாஸ் கண்ணாடி முன் நின்று தானே வழித்துக்கொண்டிருக்கிறான். "உனக்கு எதுக்கு சிரமம், நேரமாச்சு" என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. பிறகு என் முகத்தை அவன் வழித்துவிட்டான், எப்போதும் போல, பூ மாதிரி.

அவன் கழுத்தை என்னிடம் தர பயந்திருக்கிறான். எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா?

அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. காபிக் கோப்பை தட்டில் கிணுகிணுக்கும். முதலில் அம்மா கோப்பையை மாற்றினாள், பிறகு தட்டை எடுத்துவிட்டாள். எனக்கு ஐம்பத்து மூன்று.

மார்ச் 12, திங்கள்

இன்று முதல் நோன்பு. பிள்ளைகள் எல்லாம் மலைமேல் பட்டம் விடப் போய்விட்டார்கள். கடை இல்லை. ஒரு கிண்ணத்தில் விளிம்பு வரை ஆலிவ் எண்ணெய் ஊற்றி வலது கையில் பிடித்துக்கொண்டு அறுபது எண்ணினேன். சிந்தவில்லை. ஆனால் எண்ணெயின் முகம் மெல்லச் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. இடது கையிலும் பிடித்துப் பார்த்தேன், அதிலும் சிலிர்த்தது. எல்லார் கையிலும் இப்படித்தான் இருக்குமா? மனைவி கல்லியோப்பியைக் கூப்பிட்டுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். "நோன்பு நாள்ல எண்ணெயோட என்ன விளையாட்டு, ஆலிவ் பழம் வச்சிருக்கேன், சாப்பிட வாங்க" என்று அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்குச் சிலிர்த்ததா என்று பார்க்க முடியாமல் போயிற்று.

மார்ச் 17, சனி

என் ஞானமகனின் தாய் பெலாகியா கடைக்கே வந்தாள். மகன் ஸ்த்ராத்திஸுக்குக் கல்யாணம் நிச்சயம். ஈஸ்டர் போய், மே மாதமும் போய் (மேயில் யார் கல்யாணம் வைப்பார்கள்?), ஜூன் பத்து, ஞாயிறு. "மாப்பிள்ளைச் சவரம் உங்க கையாலதான், அண்ணே. தண்ணி தொட்டு ஞானஸ்நானம் பண்ணி வச்ச கை. வேற யாரு?" என்றாள்.

லீரா பிடில் வாசிக்க, பாட்டுப் பாட, உறவெல்லாம் சுற்றி நிற்க, முற்றத்து நடுவில் நாற்காலி போட்டு வழிக்க வேண்டும். வெள்ளைத் துண்டு. அதில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் மணப்பெண்ணின் வாழ்வு முழுக்கப் பேசுவார்கள். தலைவலி வந்தால்கூட அந்தச் சொட்டைத்தான் சொல்வார்கள்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தப் பயலை எண்ணெய் வழுக்க வழுக்கத் தொட்டியில் முக்கி எடுத்தவன் நான்.

ஏப்ரல் 4, புதன்

போலீஸ்காரருக்குக் கழுத்தில் வெட்டு. ஆழம் இல்லை. ஆனால் ரத்தம் காலர் வரை இறங்கிற்று. மனிதர் எழுந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு, மினாஸின் நாற்காலிக்குப் போய் மீதிப் பாதியை முடித்துக்கொண்டார். கடையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

நேரே பெலாகியா வீட்டுக்குப் போனேன். "என் கை சரியில்ல தங்கச்சி. மினாஸ் பண்ணட்டும்." சொல்லிவிட்டேன். சொல்வதே அவமானம். அவள் நல்லவள்; கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லவர்கள் அழுதால் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஏப்ரல் 5, வியாழன்

தெரிந்துவிட்டது. காபிக்கடைக்காரன் எனக்குக் கோப்பையைப் பாதிதான் நிரப்பிக் கொடுத்தான்.

கல்லியோப்பி ஹெராக்லியோன் பட்டணத்தில் ஒரு வைத்தியரைப் பார்க்கச் சொல்கிறாள். "கல்லு ஏதோ சரியில்லன்னு நினைக்கிறேன்" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். உடனே முகம் மாறி, "நான் அந்த அர்த்தத்துல சொல்லலங்க" என்றாள். வேறு எந்த அர்த்தம் இருக்கிறது அதற்கு?

ஏப்ரல் 9, திங்கள்

தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு பட்ட வெட்டுகளை எல்லாம் நினைவிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தினேன். காலையில் ஒரு காகிதத்தில் முகம் வரைந்து புள்ளி வைத்தேன். பதினொரு புள்ளி. காதோரம், உதட்டோரம், தாடையின் திருப்பம், கழுத்துக் குழி. கன்னத்தின் நடுவில் ஒன்றுகூட இல்லை.

அதாவது கத்தியின் நுனியோ அடியோ படும் இடங்களில்தான் ரத்தம். நடுக் கத்தி யாரையும் வெட்டவில்லை. சொல்லப்போனால் நடுக் கத்தி முடியைக்கூடச் சரியாக வெட்டவில்லை, இரண்டு தரம் இழுக்க வேண்டியிருக்கிறது.

நடுங்குகிற கைக்கு இடம் பார்க்கத் தெரியுமா? அப்பா நடுங்கியபோது எல்லா இடத்திலும்தான் நடுங்கினார்.

சந்தோஷப்படவில்லை. ஆனால் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க அது அங்கே இருப்பது தெரிந்தது.

ஏப்ரல் 14, சனி

கோடு போடும்போது பென்சில் பாதியில் நின்றுவிட்டது. அடிக்கோல் இல்லாமல்தான் நான் எப்போதும் போடுவது. எட்டும் எட்டும். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நேராக இருந்தன. வாராவாரம் போட்டு, வாராவாரம் அழித்து, ஒரு நாளும் பார்க்காமல் விட்டேனே. இது நடுங்குகிற கை போட்ட கோடா?

பிறகு மினாஸிடம் அவனுடைய கத்தி ஒன்றை இரவல் கேட்டேன். "உன் கத்திகளுக்கு என்ன, நோன்பா?" என்றான், கொடுத்தான். நான்கு பேர் முகத்தை வழித்தேன். கீறல் இல்லை. அந்த ஆடுமேய்க்கிற யாகோவிஸுக்குக்கூட, அவன் தாடை முள்வேலி.

ஏப்ரல் 17, செவ்வாய்

செய்யக் கூடாததைச் செய்தேன்.

மினாஸ் காபி குடிக்கப் போனபோது அவன் மேசையில் இருந்த கத்தியை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். இரண்டும் கறுப்புக் கைப்பிடி. திரும்பி வந்தவன் கோவேறு கழுதைத் தரகர் ஃபோத்திஸைப் பேசிக்கொண்டே வழித்தான். காதோரம் வந்ததும், "ஐயோ அம்மா" என்று ஃபோத்திஸ் துள்ளினார். மினாஸ் வெளுத்துப் போய்த் தன் கையையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆறு வாரமாக நான் பார்க்கிற பார்வை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கக் கொல்லைப்பக்கம் ஓடினேன். பாவம் ஃபோத்திஸ். நாளை அவருக்கு ஒரு பாட்டில் ராக்கிச் சாராயம் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 18, புதன்

கத்தியிலிருந்து ஆரம்பித்தேன். வெயிலில் பிடித்து, வாய் விளிம்பை என் சாணைக்கல்லின் மேல் நிறுத்தினேன். வாய்க்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் எங்கும் ஒழுகவில்லை. அச்சாகப் பொருந்தியது. கத்தி நேர் என்றுதானே அர்த்தம்?

அப்படியானால் ஏன்? திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்புறம் சும்மா, வேறெதற்கும் இல்லாமல் ஒரு கோபத்தில், அதே வாயைச் சன்னல் கண்ணாடிமேல் வைத்தேன். நடுவில் வெளிச்சம். ஒரு தலைமுடி தாராளமாக நுழையும். நடு தேய்ந்து உள்வாங்கியிருக்கிறது. நுனியும் அடியும் இரண்டு பல்லாகத் துருத்துகின்றன. வெட்டியது அந்தப் பற்கள்.

கல்லோடு பொருந்துகிற கத்தி கண்ணாடியோடு பொருந்தவில்லை. அப்படியானால் கல்? சன்னலைக் கழற்றி மேசையில் கிடத்தி, கல்லைக் கவிழ்த்து வைத்து ஓர் ஓரத்தை விரலால் தட்டினேன்.

சுற்றியது. பம்பரமாகச் சுற்றியது.

பதினொரு வருஷம் வாராவாரம் சமப்படுத்திய கல், நடுவயிற்றில் நின்று சுற்றுகிறது. கோடுகள் எல்லாம் அழிந்த கல்.

உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்துபோய்ப் பளிங்குப் பலகைமேல் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றினேன். அது ஓரத்துக்குப் போகவில்லை. நடுவில் வந்து கூடி, கண் போல நின்றது. "நல்ல கல்" என்று நானே எழுதியிருக்கிறேன், மார்ச் மூன்றாம் தேதியில்.

தேய்ப்பவன் எப்போதும் நடுவில்தானே தேய்ப்பான்? பலகை குழிந்தது. குழியில் தேய்ந்த கல் புடைத்தது. புடைப்பில் தீட்டிய கத்தி நடு தேய்ந்தது. ஒவ்வொன்றும் அடுத்ததோடு அச்சாகப் பொருந்துகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன, மூன்றும் பொய். மினாஸ் தன் வாழ்நாளில் கல்லைச் சமப்படுத்தாத சோம்பேறி. அவன் கல் குழிந்து, கத்தியின் முனைகள் தேய்ந்து மழுங்கி, ஊரார் கன்னம் பூவாக இருக்கிறது. ஒழுங்காக வேலை செய்தவன் நான், வெட்டியதும் நான்.

கூடம் கோணல்தான் கல்லியோப்பி. கூடம் கோணல்தான்.

ஏப்ரல் 19, வியாழன்

காலையில் எழுந்ததும் வந்த கேள்வி: சன்னல் கண்ணாடி மட்டும் சமம் என்று யார் சொன்னது? அதன் வழியே பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர் நெளிகிறதே.

ஏப்ரல் 21, சனி

கல்லறைக் கல் செதுக்கும் நிகிஃபோரோஸிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் நூறு. "சமமா ஒரு பளிங்குப் பலகை வேணும்" என்றேன்.

"எதுக்கு சமமா?"

"எல்லாத்துக்கும் சமமா."

"உனக்கு ஒண்ணு பத்தாது, மூணு எடுத்துக்கோ" என்றான். வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். சிரித்தான். "ரெண்டு கல்ல உரசினா புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒண்ணு புடைக்கும், ஒண்ணு குழியும், ரெண்டும் ஒத்துப்போயிடும். ஊருக்கு எது கோணல்னு தெரியாது. மூணாவதா ஒரு மாமியார் வேணும். ஒண்ணையும் ரெண்டையும் உரசு, ரெண்டையும் மூணையும் உரசு, மூணையும் ஒண்ணையும் உரசு. மூணும் மாறி மாறிப் பொருந்தணும்னா சமமா ஆகிறத தவிர வேற வழி கிடையாது."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். புடைப்பு இன்னொரு புடைப்போடு பொருந்தாது. குழி இன்னொரு குழியோடு பொருந்தாது. ஒரே ஒரு வடிவத்தால்தான் எல்லாரோடும் பொருந்த முடியும். எவ்வளவு எளிது. ஐம்பத்து மூன்று வயது வரை இது என் மண்டையில் ஏறவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது, வீதியில் தனியே சிரிக்கும் அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஏப்ரல் 25, புதன்

புனித வாரம். ஊர் முழுக்க ஈஸ்டருக்கு வழித்துக்கொள்ள வருகிறது, மினாஸிடம். அவன் வாசல் வரை வரிசை, என் நாற்காலி காலி. கொல்லையில் மூன்று பலகைகளை மாற்றி மாற்றி உரசுகிறேன். தோள் கழன்றுவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் கோடு போட்டுப் பார்க்கிறேன். இன்று முதல் தடவையாக மூன்றிலும் ஒரே நேரத்தில் எல்லாக் கோடும் அழிந்தன.

ஏப்ரல் 30, திங்கள்

கிறிஸ்து உயிர்த்தார். ஆட்டுக்கறி. சாப்பிட்டு முடித்ததும் சாணைக்கல்லைப் புதுப் பலகையில் போட்டேன். முதல் தேய்ப்பில் நடுக்கோடுகள் மட்டும் அழிந்து, சுற்றிலும் ஓரக்கோடுகள் அப்படியே நின்றன, வழுக்கைத் தலையைச் சுற்றி முடி நிற்பது போல. ஓரம் அழியும் வரை தேய்த்தேன். பிறகு கத்தி. அந்த இரண்டு பற்களும் கரைய நான்கு மணி நேரம் ஆயிற்று. இப்போது கல்லைக் கண்ணாடிமேல் வைத்தால் சுற்றவில்லை. பலகைமேல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

மே 12, சனி

ஈஸ்டர் முதல் இன்றுவரை என்னிடம் வந்தவர் ஐந்து பேர். பேருந்தில் வந்த துணி வியாபாரி, இரண்டு சிப்பாய்கள், யாகோவிஸ், அரைக்குருடரான மணியடிப்பவர். ஒரு கீறலும் இல்லை. அதைப் பார்க்க ஊர் இல்லை. கல்லைச் சமமாக்க மூன்று பலகை போதும். ஊரைச் சமமாக்க?

மினாஸிடம் எல்லாம் விளக்கினேன். பழைய கல்லைச் சுற்றிக் காட்ட முடியாது, அதுதான் சரியாகிவிட்டதே. குழிந்த பலகையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பார்த்தான். ஃபோத்திஸ் காதுக் கதையையும் ஒப்புக்கொண்டேன். அதற்குத்தான் கோபம் வந்தது. "ராவெல்லாம் தூங்கல நான், தெரியுமா? எனக்கும் வந்துடுச்சோன்னு."

எனக்கும் என்றான். அந்த ஒரு சொல்லில் இத்தனை நாள் என்ன நினைத்திருந்தான் என்பது தெரிந்துவிட்டது.

உன் கல்லையும் சமப்படுத்தித் தரட்டுமா என்றேன். "என் கல்ல தொட்டே, அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றான். தன் முகத்தைத் தானே வழித்துக்கொண்டு போனான்.

மே 27, ஞாயிறு

கோயிலில் பெலாகியா. நான் கேட்கவில்லை. கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கல்லைப் பற்றி ஒரு தாயிடம் என்ன விளக்குவது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு வெள்ளையாக இருக்க வேண்டும்.

ஸ்த்ராத்திஸ் மட்டும் ஓடி வந்து கையை முத்தமிட்டான். "ஞானத்தப்பா, அன்னிக்கு பக்கத்துல நிக்கணும்" என்றான். பக்கத்தில். சரி, நிற்கிறேன்.

ஜூன் 9, சனி

கோடு போட்டேன், தேய்த்தேன், அழிந்தன. கடை அடைக்கும் நேரம். மினாஸ் கதவை மூடாமல் அகலத் திறந்துவைத்தான். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். துண்டைத் தானே கழுத்தில் சொருகிக்கொண்டு தலையைச் சாய்த்தான்.

"என்ன?" என்றேன்.

"தாடி" என்றான். "மூணு நாளா வளர்த்தது. வேலையப் பாரு."

கை எனக்கு நடுங்கியது, மறைப்பானேன். நுரை அடிக்கும்போது நடுங்கியது, தோல்வாரில் தீட்டும்போது நடுங்கியது. கத்தி அவன் தொண்டைமேல் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. காதோரம், உதட்டோரம், தாடையின் திருப்பம், கழுத்துக் குழி. காகிதத்தில் நான் வைத்த புள்ளிகளின் வழியே போனேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். "ம்" என்றான். போய்விட்டான். மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு ம். போதும், போதும்.

ஜூன் 10, ஞாயிறு

கல்யாணம். வீடு திரும்பிக் காலணிகூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

முற்றத்தில் நாற்காலி, ஸ்த்ராத்திஸ், சுற்றிலும் பாட்டு. மினாஸ் பெட்டியைத் திறந்தான். அவன் எடுத்தது என் கத்தி. நுரையை மட்டும் அவன் தடவினான். கத்தியைக் கைப்பிடிப் பக்கமாக என்னிடம் நீட்டினான். லீராக்காரன் வில்லை நிறுத்திவிட்டான். பெலாகியா, "வேண்டாம், தம்பி" என்றாள் மெல்ல, என்னைப் பார்க்காமல்.

மினாஸ் தன் மோவாயைத் தூக்கி அவளிடம் காட்டினான். "நேத்து சாயங்காலம், கதவ தொறந்து போட்டு, இவன் கையிலதான் என் கழுத்த குடுத்தேன். பார்த்தவங்க இங்கயே பத்து பேர் நிக்கிறாங்க. எங்கயாவது ஒரு கீறல் காட்டு, நான் வழிக்கிறேன்." யாகோவிஸ் பின்னாலிருந்து, "நானும் பார்த்தேன்" என்றான். பெலாகியா கிட்டே வந்தாள். மினாஸின் கழுத்தை, சந்தையில் துணி பார்ப்பதுபோல, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஸ்த்ராத்திஸ் நுரைக்குள்ளிருந்து, "அம்மா, காயுது" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வழித்தேன்.

துண்டை எடுத்து வெயிலுக்கு நேராக உதறிப் பிடித்தாள் பெலாகியா. வெள்ளை. மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க அண்ணே" என்றாள். நான் அழுதேன். எல்லார் முன்னாலும்தான்.

ஜூன் 12, செவ்வாய்

போலீஸ்காரர் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். வானிலை பற்றிப் பேசினோம்.

அக்டோபர் 20, சனி

ஆலிவ் பறிக்கிற காலம் நெருங்குகிறது, கடையில் கூட்டம் குறைவு. மாலை கல்லைக் கழுவிப் பதினாறு கோடு போட்டேன். இப்போதெல்லாம் தேய்க்கும்முன் கோடுகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். கல்லைச் சோதிக்கிற கோடு கையையும் சோதிக்கும் என்று தெரிந்தபின் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பதினைந்து நேர். குறுக்கில் ஐந்தாவது, பாதிக்கு மேல் லேசாக நெளிந்திருந்தது. எதிர்வீட்டுச் சுவரைச் சன்னல் வழியே பார்ப்பதுபோல.

மினாஸும் பார்த்துக்கொண்டு நின்றான் என்பது பிறகுதான் தெரிந்தது. இருவரும் அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தோம். எமரிக் குழம்பை விட்டுத் தேய்த்தேன். மற்றவற்றோடு அதுவும் அழிந்தது.

நிமிர்ந்தபோது அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"வா மச்சான்" என்று தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். "நேரமாச்சு."